டயர் முதல் தடுப்பூசி வரை: நானோ பொருட்கள் உண்மையில் என்ன செய்கின்றன?

2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டு வந்தபோது, அதற்குள் "நானோ ஜிபிஎஸ் சிப்" இருக்கிறது, மண்ணில் புதைத்து வைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. ரிசர்வ் வங்கி மறுத்தது, ஆனாலும் நிறையப் பேர் நம்பினார்கள். இடத்தைச் சொல்லும் எந்தக் கருவிக்கும் மின்சாரமும் ஆன்டெனாவும் வேண்டும், காகிதத்துக்குள் அது சாத்தியமில்லை என்று யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் "நானோ" என்ற சொல்லே எல்லாச் சந்தேகத்தையும் வாயடைத்துவிட்டது. சில வருடம் கழித்து அதே கதை கொரோனா தடுப்பூசியின் பெயரில் வந்தது. அந்தப் பக்கம் பார்த்தால் பெயிண்ட் டப்பா, பைக் பாலிஷ், முகத்துக்குப் பூசும் கிரீம், வயலுக்குத் தெளிக்கும் உரம் என்று எல்லாவற்றிலும் நானோ என்று அச்சிட்டு விற்கிறார்கள்.

பயப்படுகிறவரும் சரி, விற்கிறவரும் சரி, நானோ என்பதை ஒரு தனிப் பொருள் மாதிரியோ கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டி இயந்திரம் மாதிரியோதான் பேசுகிறார்கள். அது ஓர் அளவு. கிலோ, லிட்டர் மாதிரி. அதனால் யாராவது நானோ என்று சொன்னால் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எந்தப் பொருளை அந்த அளவுக்குச் சிறிதாக்கினீர்கள், சிறிதானதால் அதற்கு என்ன புதுக் குணம் வந்தது, அந்தக் குணம் இங்கே என்ன வேலை செய்கிறது? இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் உள்ள இடங்கள் நிறைய இருக்கின்றன. பதில் இல்லாத இடங்களும் இருக்கின்றன. இரண்டையும் பார்ப்போம்.

எவ்வளவு சிறியது?

ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக வெட்டினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது, எனவே இப்படிப் பாருங்கள். உங்கள் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். இரத்தச் சிவப்பணு ஏழாயிரம், எட்டாயிரம் நானோமீட்டர். கொரோனா வைரஸ் சுமார் 100. நம் மரபுத் தகவலைச் சுமக்கும் டிஎன்ஏ இழையின் அகலம் 2.

நீளம், அகலம், தடிமன் இவற்றில் ஏதாவது ஒன்றாவது 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்கும்படி உள்ள பொருளை நானோபொருள் என்கிறார்கள். மூன்று பக்கமும் அந்த அளவுக்குள் இருந்தால் அது நானோதுகள். நீண்ட குழாயாக இருக்கலாம், கண்ணாடி மேல் பூசிய மெல்லிய படலமாகவும் இருக்கலாம். வைரஸும் இந்த அளவில்தான் இருக்கிறது, விளக்குப் புகையில் எழும் கரியும் இந்த அளவில்தான் இருக்கிறது. அதாவது நானோ அளவு மனிதன் கண்டுபிடித்த ஒன்றே இல்லை. அந்த அளவில் வேண்டியபடி செய்து, அளந்து, பயன்படுத்தக் கற்றுக்கொண்டதுதான் புதிது.

போன் வாங்கும்போது "4 நானோமீட்டர் பிராசசர்" என்று சொல்வார்களே, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த எண் இப்போது ஒரு தலைமுறையின் பெயர் மட்டும்தான். சிப்புக்குள் எதையாவது அளந்து வந்த எண் அல்ல.

சிறிதானால் என்ன மாறுகிறது? முதலில், மேற்பரப்பு

ஒரு கைப்பிடி அரிசியை உலையில் போட்டால் வேக இருபது நிமிடம் ஆகும். அதே அரிசியை நொய்யாக உடைத்துப் போட்டால் சீக்கிரம் வெந்துவிடும். மாவாக அரைத்துக் கொதிநீரில் கொட்டினால் கொட்டியதும் வெந்துவிடுகிறது. அரிசி அதேதான், எடையும் அதேதான். சூடும் தண்ணீரும் தொடக்கூடிய பரப்பு மட்டும் கூடிவிட்டது. நானோபொருளின் முதல் ரகசியம் இவ்வளவுதான், ஆனால் அளவு வேறு: மாவு மில்லில் அரைத்த அரிசி மாவின் ஒரு துகளே பல்லாயிரம் நானோமீட்டர் இருக்கும். அதைவிட ஆயிரம் மடங்கு சிறிதாக நாம் போகப் போகிறோம்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் உள்ள ஒரு கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறு முகங்களையும் சேர்த்தால் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கட்டிகளாக வெட்ட முடிந்தால் மொத்தப் பரப்பு 6000 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். விரல் நுனியில் நிற்கும் ஒரு கட்டிக்குள் ஒன்றரை ஏக்கர் நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

பரப்பு கூடினால் ஏன் குணம் மாற வேண்டும்? ஒரு பொருளுக்குள்ளே இருக்கும் அணுவை எல்லாப் பக்கமும் பக்கத்து அணுக்கள் பிடித்துக்கொண்டிருக்கும். மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் யாரும் இல்லை, அதனால் அது வெளியிலிருந்து வரும் எதையாவது பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கும். வேதிவினை நடப்பது பெரும்பாலும் அங்கேதான். சாதாரணத் தங்கக் காசில் மேற்பரப்பு அணுக்கள் மிக மிகச் சொற்பம். 3 நானோமீட்டர் தங்கத் துகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான அணுக்கள் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. காசாக இருக்கும்போது எதோடும் சேராமல் சும்மா கிடக்கும் தங்கம், அந்த அளவில் வினைகளைத் தூண்டிவிடும் பொருளாக மாறுவது இதனால்தான்.

மாவு விஷயத்தில் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். கொதிநீரில் மாவைக் கிளறாமல் கொட்டினால் கட்டி தட்டிவிடும். நானோதுகள்களும் அப்படியே, விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய உருண்டைகளாகிவிடும், அப்புறம் நானோ என்ற பேச்சுக்கே இடமில்லை. துகள் செய்வதைவிட, அது கட்டி தட்டாமல் காப்பதுதான் பல நேரம் கடினமான வேலை.

இரண்டாவது, ஒளியும் எலக்ட்ரானும்

இங்கே அரிசி உவமை நின்றுவிடுகிறது. அரிசியை எவ்வளவு பொடியாக்கினாலும் நிறம் வெள்ளைதான். தங்கத்தைச் சுமார் 20 நானோமீட்டர் துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இருக்காது, மாதுளம்பழச் சாறு மாதிரி செக்கச்செவேலென்று இருக்கும். 1857-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதைக் கவனித்து எழுதினார். காரணம், இவ்வளவு சிறிய துகளில் உள்ள எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஒளியோடு ஒத்து ஆடத் தொடங்குகின்றன. அந்த ஆட்டத்துக்குத் தேவையான பச்சை நிற ஒளியை அவை விழுங்கிவிடுவதால் மிஞ்சும் சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது.

குறைகடத்திப் பொருட்களில், அதாவது மின்சாரத்தைக் கம்பி அளவுக்குக் கடத்தாமலும் ரப்பர் மாதிரி முழுக்கத் தடுக்காமலும் நடுவில் நிற்கும் பொருட்களில், இன்னொன்று நடக்கிறது. துகள் சில நானோமீட்டர் அளவுக்குச் சுருங்கும்போது எலக்ட்ரான் அடைபட்டுப்போகிறது. அடைபடும் இடம் சிறிதாகச் சிறிதாக அது வெளிவிடும் ஒளியின் ஆற்றல் கூடுகிறது. எனவே ஒரே பொருள், அளவு மட்டும் மாற்றினால் நிறம் மாறும்: 2 நானோமீட்டரில் நீலம், 6 நானோமீட்டரில் சிவப்பு. இப்படிப்பட்ட துகளுக்குக் குவாண்டம் புள்ளி என்று பெயர். இதைக் கண்டறிந்து செய்யக் கற்றுக்கொடுத்த மௌங்கி பவெண்டி, லூயி புருஸ், அலெக்சி எகிமோவ் மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை சொன்னது: நானோ அளவில் பரப்பு பெருகுகிறது, அதனால் வினைகளும் பிடிமானமும் கூடுகின்றன. ஒளியோடும் மின்சாரத்தோடும் பொருள் நடந்துகொள்ளும் விதம் அளவைப் பொறுத்து மாறுகிறது. இனி வரும் பயன்பாடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலிருந்து வருபவைதான்.

கீழடிப் பானையில் நானோ குழாய்

2020-இல் வேலூர் விஐடி ஆய்வாளர்கள், கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். கார்பன் நானோகுழாய் என்பது கரி அணுக்களாலான ஒரு தாள் சுருண்டு குழாயான வடிவம். உடனே "தமிழன் அன்றே நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தான்" என்று பரவியது. எனக்கும் கீழடி பெருமைதான். ஆனால் தாவரப் பொருளை அதிக வெப்பத்தில் சூளையில் சுடும்போது இப்படிப்பட்ட குழாய்கள் தானாக உருவாகலாம். அவர்களுக்குத் தெரிந்திருந்தது சூட்டையும் பூச்சையும் பக்குவமாகக் கையாளும் வித்தை. இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் உதிராத பூச்சைத் தந்தது அந்தக் கைப்பக்குவம், அதற்கு நானோ என்ற பட்டம் தேவையே இல்லை.

டயர் ஏன் கருப்பாக இருக்கிறது?

உலகத்தில் அதிகம் பயன்படும் நானோபொருள் எது என்று கேட்டால் பலரும் ஏதோ ஆய்வுக்கூடச் சரக்கை நினைப்பார்கள். உங்கள் வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். மரத்திலிருந்து வடியும் ரப்பர் வெளிறிய நிறம். ஆரம்பகால டயர்களும் வெளிறியே இருந்தன, சீக்கிரம் தேய்ந்தன. 1910-களில் அதில் கார்பன் பிளாக் என்ற கரித்தூளைக் கலக்க ஆரம்பித்த பிறகுதான் டயர் பல மடங்கு அதிகமாக உழைத்தது. இன்றைக்கு ஒரு டயரின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தக் கரிதான்.

கனமான எண்ணெயைப் போதிய காற்று இல்லாமல் மிகுந்த சூட்டில் அரைகுறையாக எரித்து, சட்டென்று குளிர்வித்து இதைச் செய்கிறார்கள். சாலையைத் தொடும் பகுதியில் சேர்க்கும் ரகத்தின் அடிப்படைத் துகள் இருபது, முப்பது நானோமீட்டர்தான் இருக்கும். அவை தனித்தனியாக நிற்காமல் கொத்துக் கொத்தாக, திராட்சைக் குலை கிளை பிரிந்த மாதிரி ஒட்டியிருக்கும். ரப்பர் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். அவை இந்தக் கொத்துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன, இடுக்குகளில் நுழைந்து சிக்கிக்கொள்கின்றன. வண்டி பிரேக் போடும்போது ரப்பரில் ஒரு விரிசல் ஓட முயன்றால், ஒவ்வொரு கொத்திலும் அது மோதி வழிமாறி ஆற்றல் இழக்க வேண்டியிருக்கிறது. கரித்துகள் பெரிதாக இருந்தால் இந்தப் பிடிமானம் கிடைக்காது, அது வெறும் அழுக்கு மாதிரி ரப்பருக்குள் கிடக்கும், விரிசல் அங்கிருந்தே தொடங்கும். பரப்பு என்று முன்னால் பேசினோமே, அதன் முழு அர்த்தமும் இங்கே இருக்கிறது.

சென்னையைச் சுற்றி டயர் ஆலைகள் பல இருப்பதால் கார்பன் பிளாக் ஆலைகளும் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இயங்குகின்றன. நானோ என்று யாரும் பலகை வைத்துக்கொள்வதில்லை, அவர்கள் பார்வையில் அது டயருக்கான கரி. 1992-இல் மிஷெலின் நிறுவனம் கரியின் ஒரு பகுதிக்குப் பதிலாக நானோ அளவுள்ள சிலிக்காவைச் சேர்த்தது. சிலிக்கா என்றால் மணலில் இருக்கும் அதே பொருள். சிலிக்கா ரப்பரோடு தானாக ஒட்டாது, எனவே இரண்டையும் பிணைக்க ஒரு வேதிப்பொருள் சேர்க்க வேண்டும். சேர்த்தால் டயர் உருளும்போது வீணாகும் ஆற்றல் குறைகிறது, பெட்ரோல் மிச்சமாகிறது, ஈரச் சாலையிலும் பிடிப்பு நன்றாக இருக்கிறது.

புகைக்குழாய்க்குள் பிளாட்டினம்

பெட்ரோல் காரின் அடியில், இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்று ஒரு பெட்டி இருக்கும். தேன்கூடு போன்ற பீங்கான் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றைச் சில நானோமீட்டர் துகள்களாகப் படியவைத்திருப்பார்கள். இவை வினையூக்கிகள், அதாவது தாம் செலவாகாமல் அடுத்த பொருட்களின் வினையை வேகப்படுத்துபவை. கார்பன் மோனாக்சைடு நச்சு இங்கே கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகள் சாதாரண நைட்ரஜனாகின்றன. தங்கம் போல விலையுள்ள உலோகம், சில கிராம் போட்டாலே போதுமாக இருப்பது பரப்பு அவ்வளவு பெருகியிருப்பதால். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது.

ஒரே பொருள், மூன்று இடம்: டைட்டானியம் டை ஆக்சைடு

வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயிண்டில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் துகள் 200, 300 நானோமீட்டர் இருக்கும்போது நாம் பார்க்கும் ஒளியை நன்றாகச் சிதறடிக்கிறது, அதனால் வெள்ளை. அதையே சில பத்து நானோமீட்டராகக் குறைத்தால் பார்க்கும் ஒளி பெரும்பாலும் நேராகக் கடந்து போய்விடுகிறது, ஆனால் புற ஊதாக் கதிரை மட்டும் தொடர்ந்து விழுங்குகிறது. சன்ஸ்கிரீன் செய்பவர்களுக்கு வேண்டியது இதுதான். பழைய கிரீம்கள் முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரித் தெரியும், நம் தோல் நிறத்துக்கு அது இன்னும் பளிச்சென்று தெரியும். நானோ துகள் போட்டது தெரியாது.

இதே பொருளுக்கு இன்னொரு குணமும் உண்டு. புற ஊதாக் கதிர் பட்டால் தன் மேற்பரப்பில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு, அழுக்கு போன்றவற்றை உடைத்துப்போடும். ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறைக்குத் தொடக்கம். 2001-இல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம், சுமார் 15 நானோமீட்டர் தடிமனில் இதைப் படலமாகப் பூசிய ஜன்னல் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெயில் அழுக்கை உடைக்கும், மழைநீர் அந்தப் பூச்சின்மேல் சொட்டாக நிற்காமல் தாளாகப் பரவி அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். வெயிலும் மழையும் படாத உள்பக்கக் கண்ணாடியில் இது வேலை செய்யாது. அதையும் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும்.

ஆனால் கண்ணாடியில் நன்மையான அதே குணம் தோலில் தொந்தரவு. அழுக்கை உடைப்பது தோலின் மேலும் எதையாவது உடைக்கலாம் அல்லவா? அதனால் சன்ஸ்கிரீனில் போடும் துகள்களுக்குச் சிலிக்கா, அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) போன்றவற்றால் மேலுறை போட்டு அந்தக் குணத்தை அடக்கிவைக்கிறார்கள். நல்ல நானோ தயாரிப்பு என்றால் இந்த மாதிரி யோசனை அதற்குள் இருக்கும்.

டிவியும் பேட்டரியும்

க்யூஎல்இடி என்று விற்கும் டிவிகளில் திரைக்குப் பின்னால் நீல எல்இடி விளக்குகள் இருக்கும். அவற்றின் முன்னே உள்ள ஒரு படலத்தில் குவாண்டம் புள்ளிகள். நீல ஒளியில் ஒரு பகுதியை அவை வாங்கித் தூய பச்சையாகவும் தூய சிவப்பாகவும் திருப்பித் தருகின்றன. நிறம் அவ்வளவு தூய்மையாக இருக்கக் காரணம், எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவில் இருப்பதுதான். முதலில் இதற்குக் காட்மியம் பயன்பட்டது. அது நச்சு என்பதால் பல நிறுவனங்கள் இண்டியம் பாஸ்பைடுக்கு மாறிவிட்டன. லித்தியம் பேட்டரிகளின் மின்முனைகளிலும் கார்பன் நானோகுழாய்களைக் கொஞ்சம் கலக்கிறார்கள், மின்சாரம் தடையின்றி ஓட அவை பாதை போட்டுக்கொடுக்கின்றன.

வெள்ளி: சாக்ஸிலும் தண்ணீரிலும்

வெள்ளியிலிருந்து மெதுவாக வெளியேறும் மின்னேற்றம் பெற்ற அணுக்கள் கிருமிகளின் புரதங்களைக் கெடுக்கின்றன. நானோதுகளாக்கினால் பரப்பு கூடுவதால் அவை இன்னும் தாராளமாக வெளியேறும். தீக்காயத்துக்குக் கட்டும் துணியில் இதைச் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது, அங்கே கிருமி உயிருக்கே ஆபத்து. ஆனால் கால் நாறாமல் இருக்கச் சாக்ஸில் சேர்க்கிறார்கள். 2008-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஆய்வாளர்கள் பல பிராண்ட் சாக்ஸ்களை நீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் நான்கு முறை அலசுவதற்குள் கிட்டத்தட்ட எல்லா வெள்ளியும் தண்ணீரோடு போய்விட்டது, சிலவற்றில் கொஞ்சமும் போகவில்லை என்று சொல்லுமளவுக்கு நின்றது. வெள்ளி ஒன்றுதான், துணியோடு அதைப் பிணைத்த விதம் வேறு. கரைந்து போன வெள்ளி சாக்கடையில் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்லும்.

பிணைக்கும் வேலையை ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் வெள்ளி நானோதுகள்களை அலுமினாவின் மேல் உறுதியாகப் பதித்து, குடிநீரிலிருந்து எண்டோசல்ஃபான், குளோர்பைரிஃபாஸ் போன்ற பூச்சிமருந்துகளை நீக்கும் வடிகட்டியை உருவாக்கினார்கள். அது வீட்டுச் சுத்திகரிப்பானாகச் சந்தைக்கும் வந்தது. அப்புறம் அவர்கள் ஆர்செனிக் என்ற நச்சின் பக்கம் போனார்கள். மேற்கு வங்கத்தில் நிலத்தடி நீரில் உள்ள ஆர்செனிக் பல கிராமங்களைப் பாதித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு வெறும் 10 மைக்ரோகிராம். இரும்பின் ஒரு வகை ஆக்சைடை நானோ அளவில் செய்தால் அது ஆர்செனிக்கை நன்றாகப் பற்றிக்கொள்ளும், ஆனால் அந்தத் துகளே தண்ணீரில் கலந்துவிடக் கூடாது. அதற்காக இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற பொருளின் வலைக்குள் துகள்களைச் சிறைவைத்து மணல் போன்ற குருணைகளாக்கினார்கள். "அம்ரித்" என்று அதற்குப் பெயர். நானோபொருளின் பரப்பும் வேண்டும், துகள் கையைவிட்டுப் போகவும் கூடாது என்ற இரண்டு தேவைகளையும் ஒரே குருணையில் தீர்த்த இந்த வேலையை, இந்தத் துறையில் நம் நாட்டிலிருந்து வந்தவற்றில் மிகச் சிறந்ததாக நான் நினைக்கிறேன்.

சுருக்கமாக: டயர், புகைக்குழாய், தண்ணீர் வடிகட்டி இவற்றில் வேலை செய்வது பரப்பு. டிவியிலும் சன்ஸ்கிரீனிலும் வேலை செய்வது ஒளி.

மருத்துவம்: கோடு காட்டும் தங்கம்

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பிரெக்னன்சி கிட்டிலும், வீட்டிலேயே பார்த்த கொரோனா டெஸ்ட் கிட்டிலும் சிவந்த கோடு ஒன்று தோன்றுமே, பெரும்பாலான கிட்களில் அந்தச் சிவப்பு ஃபாரடே பார்த்த அதே தங்கம்தான். சுமார் 40 நானோமீட்டர் தங்கத் துகள்களின் மேல், தேடும் பொருளை மட்டும் பிடிக்கும் புரதங்களை ஒட்டியிருப்பார்கள். இவை ஆன்டிபாடிகள். மாதிரி நீர் பட்டையில் ஊறி ஏறும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போகும். தேடும் பொருள் இருந்தால் அது கோட்டின் இடத்தில் பிடிபடும், கூடவே தங்கமும் அங்கே தேங்கும். லட்சக்கணக்கான துகள்கள் ஓரிடத்தில் கூடும்போது கண்ணுக்கே நிறம் தெரிந்துவிடுகிறது. இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு கிட்டில் உள்ள தங்கம் மிக மிகச் சொற்பம் என்பதால் விலையும் ஏறுவதில்லை.

மருந்தைச் சுமப்பது

புற்றுநோய்க்குத் தரும் டாக்சோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து நன்றாக வேலை செய்யும், ஆனால் இதயத்தைக் கெடுக்கும். அதைச் சுமார் 80, 90 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துச் செலுத்தும் டாக்சில் என்ற மருந்துக்கு 1995-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குமிழி இதயத் தசைக்குள் எளிதில் கசியாது, எனவே இதயப் பாதிப்பு குறைந்தது. அதே சமயம் உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் உரிந்து வலிக்கும் புதுப் பக்கவிளைவு வந்தது. 2005-இல் வந்த அப்ராக்சேன் இன்னொரு சிக்கலைத் தீர்த்தது. பாக்லிடாக்சல் என்ற மருந்து தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தைப் பயன்படுத்தினார்கள், அது பலருக்குக் கடும் ஒவ்வாமை தந்தது. மருந்தை நம் இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள ஆல்புமின் புரதத்தோடு சேர்த்துச் சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கியபோது அந்தத் திரவமே தேவைப்படவில்லை. 100-ஐத் தாண்டிவிட்டதே என்று கேட்பீர்கள். மருத்துவத்தில் அந்த எல்லையைக் கறாராகப் பிடிப்பதில்லை.

இங்கே ஒரு பெரிய தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். நானோ மருந்து "நேராகப் புற்றுக்கட்டியைத் தேடிப் போய்த் தாக்கும்" என்று எழுதுகிறார்கள். துகளுக்குக் கண்ணும் இல்லை, இன்ஜினும் இல்லை. அது இரத்தத்தோடு ஓடும், ஓடுகிற வழியில் கட்டியின் ஓட்டை விழுந்த இரத்தக்குழாய்ச் சுவர் வந்தால் கொஞ்சம் கசிந்து உள்ளே தங்கும். பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வடிகட்டி எடுத்துவிடும். 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 விழுக்காடுதான். இந்த எண் தெரியாமல் நோயாளியின் குடும்பத்திடம் நம்பிக்கை விற்பது எனக்குக் கோபம் தருகிறது.

தடுப்பூசியில் இருந்தது என்ன?

2020 டிசம்பரில் வந்த ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் நிஜமாகவே நானோதுகள் இருந்தது. அது சிப் அல்ல, கொழுப்பு. எம்ஆர்என்ஏ என்பது ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பு எழுதிய இழை, வெறுமனே உடம்பில் விட்டால் உடனே சிதைந்துபோகும், செல்லுக்குள்ளும் நுழையாது. அதனால் நான்கு வகைக் கொழுப்புப் பொருட்களைக் கொண்டு, 100 நானோமீட்டருக்குள் அடங்கும் உருண்டைகளில் அதைப் பொதிந்தார்கள். நான்கில் ஒன்று நமக்கெல்லாம் தெரிந்த கொலஸ்ட்ரால். இன்னொன்றில்தான் சூட்சுமம் இருக்கிறது: இரத்தத்தில் அது மின்னேற்றம் இல்லாமல் அமைதியாக இருக்கும். செல் அந்த உருண்டையை விழுங்கி ஒரு பைக்குள் வைத்ததும் பையின் அமிலத்தன்மையால் அதற்கு நேர்மின்னேற்றம் வந்துவிடும். உடனே பையின் சுவரைக் கலைத்து எம்ஆர்என்ஏவை வெளியே விட்டுவிடும். இதே உத்தியை வைத்து ஓர் அரிய நரம்பு நோய்க்கான பட்டிசிரான் மருந்து 2018-லேயே அனுமதி பெற்றிருந்தது, தடுப்பூசி வானத்திலிருந்து குதிக்கவில்லை.

தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டிலும் கோவாக்சினிலும் இந்தக் கொழுப்பு உருண்டைகள் கிடையாது. முதலாவது மாற்றியமைத்த ஒரு அடினோவைரஸ், இரண்டாவது கொல்லப்பட்ட முழு வைரஸ். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களில் ஃபைசர் போட்டுக்கொண்ட தமிழர்களுக்குத்தான் இந்த நானோதுகள் கதை பொருந்தும். இங்கே கோவிஷீல்ட் போட்டுக்கொண்டு நானோதுகளுக்குப் பயந்தவர்கள் இல்லாத ஒன்றுக்குப் பயந்தார்கள்.

மருத்துவத்தில் பார்த்தது இவ்வளவு: தங்கம் நிறம் காட்டுகிறது, கொழுப்பும் புரதமும் மருந்தைச் சுமக்கின்றன. எதுவும் தானாக முடிவெடுக்கும் கருவி அல்ல.

நானோ யூரியா: கணக்குப் போட்டுப் பாருங்கள்

2021-இல் உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ கொண்டுவந்த நானோ யூரியாவின் 500 மில்லி பாட்டில் ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டைக்குச் சமம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. அப்போது வந்த பாட்டிலில் இருந்த நைட்ரஜன் 4 விழுக்காடு, அதாவது சுமார் 20 கிராம். மூட்டையில் 46 விழுக்காடு, அதாவது 20 கிலோவுக்கும் மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். மண்ணில் போடும் யூரியாவில் பெரும்பகுதி வீணாகிறது, இலையில் தெளித்தால் வீணாகாது என்று நிறுவனம் சொல்கிறது. சரி, மூட்டையில் 30 விழுக்காடுதான் பயிருக்குச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஆறு கிலோ சேர்கிறதே, 20 கிராம் அதை எப்படி ஈடுகட்டும்? நெல்லோ கோதுமையோ, தன் உடம்பில் சேர்க்கும் நைட்ரஜன் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். தவிர, சாதாரண யூரியாவே தண்ணீரில் கரைந்ததும் தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரிந்து நானோதுகளைவிடச் சிறிதாகிவிடுகிறது. 2023-இல் டென்மார்க்கைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் இந்த உரிமைகோரலை ஓர் ஆய்விதழில் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். நானோ அளவு மேற்பரப்பைக் கூட்டும், நிறத்தை மாற்றும். இல்லாத நைட்ரஜனை உண்டாக்காது. விளம்பரத்தை நம்பி மேலுரத்தை நிறுத்தும் விவசாயிக்குத்தான் நஷ்டம்.

ஆபத்து எங்கே?

நானோ என்றாலே ஆபத்து என்பதும் தவறு, ஆபத்தே இல்லை என்பதும் தவறு. முதலில் பார்க்க வேண்டியது துகள் பிணைந்திருக்கிறதா, அவிழ்ந்து திரிகிறதா என்பது. டயருக்குள்ளும் டிவி படலத்துக்குள்ளும் அது சிறைப்பட்டிருக்கிறது. கிரீமாகப் பூசும் சன்ஸ்கிரீனில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு, தோலின் மேல் உள்ள இறந்த செல் அடுக்கைத் தாண்டி உள்ளே போவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதே பொருளை மூச்சில் இழுத்தால் நிலைமை வேறு. அதனால்தான் ஐரோப்பிய வல்லுநர் குழு, மூச்சில் புகக்கூடிய ஸ்பிரேக்களில் அந்த நானோதுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. குழந்தைகளுக்கு சன்ஸ்கிரீன் வாங்கினால் ஸ்பிரேயை விட்டுவிட்டுக் கிரீமாக வாங்குங்கள். உணவில் வெள்ளை நிறத்துக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தடை செய்தது. மரபணுவைப் பாதிக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கார்பன் நானோகுழாய்களில் நீளமான, விறைப்பான சில வகைகள் நுரையீரல் பகுதிக்குப் போனால் நுரையீரலில் தங்கிக் கெடுதல் செய்யும் ஆஸ்பெஸ்டாஸ் நாரைப் போல நடந்துகொள்ளலாம் என்று 2008-இல் எலிகளில் நடந்த ஆய்வு எச்சரித்தது. அதில் ஒரு வகையை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. பேட்டரி வாங்குகிறவருக்கு இதில் பயம் இல்லை. மாவு மில்லில் வேலை செய்பவரின் மூக்கில்தான் மாவு ஏறும், அதுபோல இங்கேயும் பாதிப்பு முதலில் தூளைக் கொட்டி, கலக்கி, பெட்டியில் அடைக்கும் தொழிலாளிக்குத்தான். தூளாக இல்லாமல் திரவத்தில் கலந்த குழம்பாக வாங்குவது, மூடிய தொட்டியில் கலப்பது, நுண்துகள் தடுக்கும் முகக்கவசம் தருவது எல்லாம் செய்யக்கூடிய காரியங்கள். கார்பன் பிளாக்கைத் தூளாக அனுப்பாமல் சிறு மணிகளாக உருட்டி அனுப்பும் வழக்கம் டயர்த் தொழிலில் நீண்ட காலமாக இருக்கிறது. புதிதாக நானோதூள் கையாளத் தொடங்கும் சிறு பட்டறைகள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் அதுதான்.